ஒப்பந்தம் முடிந்த காற்றாலை

மின்வாரிய அலுவலகத்தில் அம்மாவுக்குக் ‘காத்தாடியம்மா’ என்று பெயர். காற்றாலைகளோடும் சூரிய மின்பண்ணைகளோடும் போட்ட கொள்முதல் ஒப்பந்தங்களைத் வரும் வருடங்களுக்கு மின்சாரம் போதுமா என்று கணிக்கும் திட்டப் பிரிவின் கணினி மாதிரிக்குள் ஏற்றுவது அவள் வேலை. எது எப்போது முடிகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். போன மாதம் மாரடைப்பில் போய்விட்டாள். அதே பிரிவில் பொறியாளரான மகள் இப்போது அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உயரத்தை மாற்றவில்லை, கால் தரையில் முழுதாகப் படவில்லை.

மாதிரியைத் திறந்தாள். ஒப்பந்தம் முடிகிற வருடத்தோடு சூரியப் பண்ணையை மாதிரியிலிருந்து அம்மா எடுத்திருந்தாள். காற்றாலையை மட்டும் அதன் ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஓட விட்டிருந்தாள். ஏன்? ஒரு வரி விளக்கம் இல்லை. காற்றாலை இருந்தால் புதிய எரிவாயு நிலையம் வேண்டாம்; இல்லாவிட்டால் கட்டியே ஆகவேண்டும். சாயங்காலத்துக்குள் பரிந்துரை போகவேண்டும்.

வீட்டுக்குப் போன் செய்தாள்.

“அப்பா, காற்றாலை பத்தி அம்மா ஏதாவது சொன்னாங்களா?”

“என்கிட்டயா? காத்து பத்தி உங்கம்மா பேசினதெல்லாம், ஆளில்லாத ரூம்ல ஃபேன் ஓடுதுன்னுதான்.”

பிரிவுத் தலைவர் எட்டிப் பார்த்தார். “என்னம்மா முழிக்கற? உங்கம்மா இப்படிக் குழம்பிட்டு உக்கார மாட்டாங்க. போனைப் போட்டு, ‘ஏம்பா, காத்தாடியப் பிடுங்கப் போறியா, வச்சிருக்கப் போறியா’ன்னு அதட்டிடுவாங்க.”

மேசைத் தொலைபேசியிலிருந்து காற்றாலை மேலாளரை அழைத்தாள். அம்மாவின் எண்ணைப் பார்த்ததுமே அவர் முந்திக்கொண்டார்.

“மேடம்! என்ன, ரொம்ப நாளா ஆளையே காணோம்? ஒப்பந்தம் முடிஞ்சப்புறம் காத்தாடிய என்ன பண்றதுன்னு முதலாளி இன்னும் முடிவு பண்ணலைங்க. சூரியப் பண்ணைக்காரங்க மாதிரி கழட்டிப் பிரிச்சுடறோம்னு அவர் சொன்னா நீங்களும் கணக்குலருந்து எடுத்துடலாம். ‘சரி, அதுவரைக்கும் ஓடட்டும்’னு நீங்கதானே சிரிச்சீங்க?”

“நான் அவங்க பொண்ணு பேசறேன்.”

“அப்படியா! அம்மா லீவாம்மா?”

“இல்லீங்க. இறந்துட்டாங்க.”

மேலாளர் என்னென்னவோ சொன்னார். எதுவும் காதில் ஏறவில்லை. அம்மாவுக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரியாமலேயே ஓட விட்டிருக்கிறாள்.

காற்றாலை இருப்பதாக ஒன்று, இல்லாததாக ஒன்று என்று மகள் இரண்டு விதமாகவும் கணக்கை ஓட்டினாள். இரண்டு முடிவுகளையும் தலைவரிடம் கொடுத்தாள்.

“ஒரு பதில் கேட்டா ரெண்டு தர்றியே. எதைம்மா நம்பறது?”

“தெரியல சார். காற்றாலை முதலாளிக்கே தெரியல.”

அவர் முணுமுணுத்தபடி இரண்டையும் வாங்கிக்கொண்டார்.

ஆனால் கோப்பைச் சேமிக்கும்போது அதில் ஏதாவது ஒன்றுதான் நிற்கும். அம்மா வைத்திருந்தபடியே காற்றாலையை ஓட விட்டாள். கணக்குப் பார்த்து அப்படி விட்டாளா, எடுக்கக் கை வராமல் விட்டாளா, அவளுக்கே பிடிபடவில்லை.