எஸ். ஆரோக்கியசாமி என்று விளிம்பில் இருந்தது

மெடல் சேர்க்கிற இளைஞர்கள் இப்போதெல்லாம் போனில் படம் அனுப்பி, "சார், இது இன்னா மெடல்?" என்று கேட்கிறார்கள். முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம் வரும். விளிம்பை ஒருத்தரும் எடுப்பதில்லை. விளிம்பைக் காட்டு என்றால் கிழவனுக்கு வேலையில்லை என்று நினைக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இதில் நான் மார்தட்டிக்கொள்ள எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1. தகரப் பெட்டி

பட்டாளத்தில் பதினேழு வருஷம் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். மெடல், ரிப்பன், பேட்ஜ் எல்லாம் என் அலமாரியில்தான் இருக்கும். நான் பென்ஷனில் ஊர் திரும்பிய 1993-இல்தான் விழுப்புரம் தனி மாவட்டமானது. மாவட்டம் பிரிந்தால் சங்கமும் பிரிய வேண்டாமா? முன்னாள் சிப்பாய்கள் சேர்ந்து ஸ்டேஷன் பக்கம் ஒரு ரூம் பிடித்தோம். பாகப்பிரிவினையில் பீரோவும் நாற்காலிகளும் கடலூரிலேயே தங்கிவிட்டன. எங்களுக்கு வந்தது ஒரு தகரப் பெட்டி.

முதல் நாள் அதைத் திறந்தால் உள்ளே முழுக்க மெடல்கள். அந்தக் காலத்தில் யுத்தம் முடிந்து பத்து இருபது வருஷம் கழித்துத்தான் மெடல் தபாலில் வரும். அதற்குள் ஆள் வீடு மாறியிருப்பான், இல்லை செத்திருப்பான். அப்படி விலாசம் தப்பிச் சங்கத்தில் வந்து ஒதுங்கியவை அவை. எங்கள் தலைவர், ரிட்டயர்டு சுபேதார், பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"யோவ், நீதான் மெடல் பைத்தியமாச்சே. ஒக்காந்து பிரி. ஆளு கெடச்சா குடு, கெடைக்கலன்னா எழுதி வை. மல்லாட்ட ஒடைக்கிற மாதிரி கடகடன்னு பண்ணாத. ஒண்ணொண்ணும் ஒரு ஆளு."

பிரித்தேன். பர்மா ஸ்டார் இருந்தது. அதில் பேர் பொறிக்க மாட்டார்கள், நட்சத்திரம் மட்டும்தான். புதுச்சேரிப் பக்கத்து ஆள் யாரோ பிரெஞ்சுக்காரனுக்காக இந்தோசீனா போய் வாங்கிய வெள்ளி மெடல் ஒன்று. பர்மாவில் யாரோ பொறுக்கி வந்த ஜப்பான் மெடல் ஒன்று. ஒரு கிராம முன்சீப்புக்கு வெள்ளைக்காரன் கொடுத்த முடிசூட்டு மெடல்கூட இருந்தது. மீதியெல்லாம் நம் பட்டாளத்து மெடல். அவற்றின் விளிம்பில் நம்பர், ரேங்க், பேர் பொறித்திருக்கும்.

இதில் நம்பர்தான் ஆள். ஒரே கம்பெனியில் மூன்று ஆரோக்கியசாமி இருப்பான், இரண்டு முனுசாமி இருப்பான். நம்பர் ஒருத்தனுக்கு ஒன்றுதான். பேரை நம்பாதே, நம்பரை நம்பு என்று சங்கத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

2. பிரம்மதேசம் பக்கம்

1971 யுத்தத்துக்கான சங்கிராம் மெடல் ஒன்றின் விளிம்பில் எஸ். ஆரோக்கியசாமி என்று இருந்தது. சங்கத்தின் பழைய நோட்டில், பட்டாளத்துக்குப் போனவர்கள் பட்டியலில் தேடினேன். 'எஸ். ஆரோக்கியசாமி, தகப்பனார் சவரிமுத்து, திண்டிவனம் தாலுகா' என்று ஒரே ஒரு வரி. நம்பர் எழுத வேண்டிய கட்டம் காலி. ஊர் பிரம்மதேசத்துக்குப் பக்கம். 1994-இல் ஒரு நாள் பஸ் ஏறினேன்.

சவரிமுத்து களத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, காயவைத்துக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியவர். பட்டாளத்து சங்கத்திலிருந்து வருகிறேன் என்றதும் கை கூப்பிவிட்டார்.

"மறுபடியும் தேட வந்துட்டீங்களா சார்? அவன் இங்க வரவே இல்லீங்க. மாதா மேல சத்தியம்."

பிறகுதான் விஷயம் புரிந்தது. மகன் ஆரோக்கியசாமி பட்டாளத்தை விட்டு ஓடிவிட்டான் என்று அந்தக் காலத்தில் போலீஸ் வந்து வீட்டைக் குடைந்திருக்கிறது. மகன் உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாது. ஊருக்கு அது 'ஓடிப்போனவன் வீடு'. மாதா கோயில் தேருக்கு முதலில் தோள் கொடுக்கிற வரிசையில் அந்த வீடும் ஒன்றாம். போலீஸ் வந்த வருஷத்தோடு அவர்களைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். கடைசி மகளுக்கு முப்பத்தைந்து வயதாகியும் மாப்பிள்ளை அமையவில்லை.

மெடலை அவர் கையில் வைத்தேன். என் விதிப்படி கேட்கவும் செய்தேன்.

"பையன் நம்பர் ஞாபகம் இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"அவன் எழுதின கடுதாசி ஏதாவது?"

"வீடு எரிஞ்சப்போ எல்லாம் எரிஞ்சி போச்சிங்க."

"போலீஸ் வந்தது சண்டைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவர் விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பின்னாடிதான் சார்," என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. யுத்தத்தில் நின்றவனைக் காகிதத் தப்பால் ஓடியவன் என்று எழுதிவிட்டார்கள், அதை நான் கண்டுபிடித்துவிட்டேன்! தெருவில் கூடியவர்களைப் பார்த்து உரக்கவே சொன்னேன்: "திரு. ஆரோக்கியசாமி யுத்தத்துல இருந்தவருங்க. இது அரசாங்கம் குடுத்தது." வீட்டின் ஓடுகள் கறுத்து, பாசி பிடித்து, ஐம்பது வருஷப் பழசாக இருந்தன. எரிந்த வீட்டுக்கு அத்தனை பழைய ஓடு எப்படி வந்தது என்று என் மண்டையில் ஏறவில்லை.

அவர் மெடலைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். ரிப்பன் நான் கொடுத்தது. அந்த வருஷத் திருவிழாவில் தேருக்கு முதல் தோள் கொடுக்க அவரைக் கூப்பிட்டார்கள். அழைப்பு வந்து நானும் போயிருந்தேன். நடக்கவே தள்ளாடுகிறவர், தேரின் கொம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். மறு வருஷம் மகளுக்குக் கல்யாணம் ஆனது. இந்த வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான், அதுவும் பொய் என்று பிறகு தெரிந்தது.

3. இன்னொரு எஸ்.

1997-இல் மயிலம் பக்கத்திலிருந்து ஒருவர் சங்கத்துக்கு வந்தார். சென்னையில் வாட்ச்மேன் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்தவர்.

"எழுவத்தொண்ணு சண்டை மெடலு எனக்கு வரவே இல்ல சார். இங்க கெடக்குதான்னு பாருங்க. பேரு ஆரோக்கியசாமி. அப்பா பேரு சூசை."

டிஸ்சார்ஜ் புத்தகத்தை மேஜையில் வைத்தார். ஏழு இலக்க நம்பர், கடைசி மூன்று 673. என் நோட்டைப் புரட்டிப் பார்க்கத் தேவையே இல்லை, அந்த விளிம்பு எனக்கு மனப்பாடம். சவரிமுத்து கையில் நான் வைத்தது இவர் மெடல். தலைவரிடம் போய்ச் சொன்னேன்.

தலைவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நீ குடுத்த. நீயே போயி வாங்கிக்கினு வா," என்று மட்டும் சொன்னார்.

4. எரியாத கடிதங்கள்

பஸ்ஸில் போகும்போது எப்படி ஆரம்பிப்பது என்று பத்து விதமாக ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் உதவவில்லை. வாசலில் என்னைப் பார்த்ததுமே சவரிமுத்து உள்ளே போய், சட்டத்தை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தார். கூடவே ஒரு ஷீட் பெட்டி. அதற்குள் மகன் எழுதிய கடிதங்கள், கட்டுக் கட்டாக.

"எரிஞ்சி போச்சின்னு சொன்னீங்களே?" என்றேன்.

"பொய் சார். மாசம் ரெண்டு கடுதாசி நானே எழுதிப் போட்டவன். அந்த நம்பர என் கையி தானா எழுதும்." பெட்டியைப் பார்க்காமலே ஏழு இலக்கத்தையும் சொன்னார். கடைசி மூன்று 418. "நீங்க மெடல குடுத்தீங்களே, அன்னிக்கே பாத்துட்டேன். அது என் மவனுது இல்ல."

"அப்புறம் ஏன் வாங்கினீங்க?"

"திரு. ஆரோக்கியசாமின்னு சொன்னீங்களே சார். அதுக்கு முன்னாடி இருவத்தி மூணு வருசமா அவன் பேர ஒருத்தன் மரியாதையா சொன்னதில்ல. வேணான்னு சொல்ல வாய் வரல."

சட்டத்தைத் திறந்து மெடலை மட்டும் எடுத்தேன். ரிப்பனை விட்டுவிட்டேன். ரிப்பனில் யார் பேரும் இல்லை. ஊரில் கேட்டால் பாலிஷுக்குப் போயிருக்கிறது என்று சொல்லுங்கள் என்றேன்.

அப்போதாவது வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். புத்தி கெட்டவன், கடித உறையிலிருந்து அந்த நம்பரைக் குறித்துக்கொண்டேன். "ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதிக் கேக்கறேங்க. உங்க பையனுக்கே ஒண்ணு வர வேண்டியிருக்கலாம்."

"எதுக்கு சார்?" என்றார். வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மெடல் சூசை மகன் கைக்குப் போனது. "வெயிட்டே இல்லியே சார்," என்று சொல்லிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மயிலத்துக்கு அடுத்த பஸ் எப்போது என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அது அவர் பொருள்.

5. பதில்

எட்டு மாதம் கழித்து ரெக்கார்ட் ஆபீசிலிருந்து பதில் வந்தது. நான்கே வரி. மேற்படி நம்பர்காரர் யுத்தம் தொடங்குவதற்கு நான்கு மாதம் முன்பே முகாமிலிருந்து காணாமல் போனவர், ஓடியவராக அறிவிக்கப்பட்டவர், எந்த மெடலுக்கும் தகுதியில்லை. போலீஸ் வந்தது சண்டைக்கு முன்னாடி என்பது வீட்டில் நின்று பார்த்த மனிதருக்குத் தெரியாதா? அவருக்கு எல்லாம் தெரியும். கண்டுபிடிக்க வேண்டியிருந்தது எனக்கு மட்டும்தான்.

பதிலை எடுத்துக்கொண்டு போனேன். சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்யாமலே போனேன். அன்று மாதா கோயில் திருவிழா. தேர் கிளம்பியபோது அவரைக் கூப்பிட்டார்கள். இடுப்பு வலி என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தின் கடைசியில் நின்றுகொண்டார். பக்கத்தில் போய் நின்றேன். மழையைப் பற்றியும் மல்லாட்டை விலையைப் பற்றியும் பேசினார். பதில் வந்ததா என்று கேட்கவே இல்லை.

என்னை பஸ் ஏற்றிவிடக் கூடவே வந்தார். பஸ் திரும்புகிற சத்தம் கேட்டதும் என் சட்டைப்பையைப் பார்த்தார். மடித்த காகிதத்தின் முனை வெளியே தெரிந்துகொண்டிருந்தது.

"சார், அந்த ஆபீசுலேர்ந்து கடுதாசி ஏதாவது வந்துச்சின்னா, எரிஞ்சி போச்சின்னு சொல்லிடுங்க."

"சரிங்க," என்றேன்.

சவரிமுத்து போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. சங்கமும் இப்போது பேருக்குத்தான் இருக்கிறது. தகரப் பெட்டி என் வீட்டில்தான். மெடலைப் பார்த்தால் முதலில் விளிம்பைப் படியுங்கள், நம்பரைக் குறியுங்கள், பேரை நம்பாதீர்கள். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருக்கும். நான் பட்டுக் கற்றது ஒன்றுதான்: வீட்டார் கடிதம் எரிந்துவிட்டது என்று சொன்னால், கூரை ஓடுகளை நிமிர்ந்து பார்க்காமல், மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த நான்கு வரிப் பதில் இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அதை எரித்துவிடலாம் என்று எத்தனையோ முறை வெளியே எடுத்திருக்கிறேன். ஆரோக்கியசாமி, தகப்பனார் சவரிமுத்து, 418 என்று அரசாங்கம் எழுதிய காகிதம் என்னிடம் அது ஒன்றுதான் இருக்கிறது.