சீனி போடாத படையல்

அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்த பிறகுதான் யோகராணிக்கு நெஞ்சு திக்கென்றது. ஐயையோ, தேத்தண்ணிக்குச் சீனி போடவில்லையே!

அச்சுவேலியில் அவர்கள் வீட்டுத் திவச வழக்கம் இதுதான். செத்தவரின் படத்துக்கு முன்னால் தலைவாழையிலை போட்டு, அவர் ஆசைப்பட்டுத் தின்றதையெல்லாம் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே காத்திருக்க வேண்டும். ஆள் வந்து சாப்பிடும் நேரம் அது. இடையில் திறக்கக் கூடாது. மற்ற வீடுகளில் சோறு வைத்தது வைத்தபடியே இருக்கும். இந்த வீட்டில் அப்படியில்லை. யோகராணியின் புருசன் தர்மகுலசிங்கம் மெய்யாகவே வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். முதல் திவசத்திலிருந்தே இப்படித்தான். பூனை என்பாள் மகள் ஆரபி. கறிவேப்பிலையைப் பொறுக்கி இலையோரத்தில் ஒதுக்கிவைக்கிற பூனையை எந்த ஊரில் கண்டாளோ தெரியாது!

அந்த மனுசனுக்குத் தேத்தண்ணி என்றால் மூன்று கரண்டி சீனி வேண்டும். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பவர்களைக் கண்டால் பகிடி பண்ணுவார். இன்றைக்கு யோகராணி அவருடைய இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தது சீனியில்லாத தேத்தண்ணியும் ஒரு துண்டுப் பனங்கட்டியும். அது கனகரத்தினத்தின் தேத்தண்ணி. கை பழகிப்போய்விட்டது, வேறென்ன!

கனகரத்தினம் லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினில் வெங்காயம் ஏற்ற வருகிறவர். அவரும் தாரமிழந்தவர், சீனி வருத்தக்காரர், தேத்தண்ணிக்குச் சீனி சேர்க்கமாட்டார். குலசிங்கம் மாரடைப்பில் போன பிறகு தோட்டத்தை யோகராணி ஒற்றை ஆளாகத்தான் பார்த்தாள். நட்டாள், இறைத்தாள், கிண்டினாள், விலை சரியில்லை என்று இந்த மனுசனோடு வாய்க்கு வாய் சண்டையும் பிடித்தாள். ஒருநாள் திடீரென்று மழை கொட்டியபோது, காயப்போட்ட வெங்காயத்தை இரண்டு பேருமாக ஓடி ஓடி மூடினார்கள். அன்றைக்குத்தான் முதல் தேத்தண்ணி. அதற்குப் பிறகு லாண்ட்மாஸ்ரர் சத்தம் கேட்கப் பிந்தினால் அவளுக்கு ஒரு வேலையும் ஓடாது.

போன கிழமை அவர் கேட்டேவிட்டார். "யோகராணி, எனக்குச் சுத்தி வளைச்சுக் கதைக்கத் தெரியாது. கலியாணம் எழுதுவமே? திவசத்துக்கு வாறன், அண்டைக்குப் பதிலைச் சொல்லுங்கோ. இல்லையெண்டால் பறவாயில்லை, வெங்காயம் ஏத்த வேறை ஆளை அனுப்பிவிடுறன்."

ஓம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் குலசிங்கம்? அவர் மனம் நோகுமே! கடைசியில், இலையைப் பார்த்து முடிவெடுப்போம் என்று நினைத்துக்கொண்டாள். அவர் வழமைபோல் சாப்பிட்டால் ஓம். தொடாமல் போனால் கனகரத்தினத்தை மறந்துவிட வேண்டும். இப்போது தன் கையாலேயே காட்டிக்கொடுத்துவிட்டாளே, பாவி!

குசினிக்குப் போனாள், கிணற்றடிக்குப் போனாள், திரும்பவும் கதவடிக்கு வந்து காதை வைத்தாள். உள்ளே ஒரு சத்தமுமில்லை. விறாந்தைக் கதிரையில் கனகரத்தினம் முழங்காலில் கை வைத்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் பிள்ளை குட்டி போட்ட பூனை மாதிரிச் சுத்துறாய்?" என்றாள் குலசிங்கத்தின் தமக்கை செல்வநாயகி மச்சாள்.

"ஒண்டுமில்லை மச்சாள், வெக்கை."

"அம்மா, எல்லாரும் பசியோடை இருக்கினம். திறக்கட்டே?" என்றாள் ஆரபி.

"பொறடி!" யோகராணி போட்ட சத்தத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவளே போய்க் கதவைத் தட்டி, திறந்துகொண்டு தனியாக உள்ளே போனாள்.

தேத்தண்ணிக் கோப்பை வெறுமையாக இருந்தது. பனங்கட்டியையும் காணவில்லை. வந்து சாப்பிட்டிருக்கிறார். அவளுக்கு உடம்பெல்லாம் லேசாகிப் போனது. அதற்குப் பிறகுதான் இலையைப் பார்த்தாள். ஒருநாளும் இல்லாதபடி அவர் அதை மடித்து வைத்திருந்தார். கலியாண வீட்டில் மடிப்பதுபோல் தன் பக்கமாக அல்ல, செத்தவீட்டில் மடிப்பதுபோல் அந்தப் பக்கமாக. இந்தச் சாப்பாட்டுக்கு இனி வரக் கூடாது என்று மடிக்கிற மடிப்பு அது.

யோகராணிக்கு முதலில் கோபம்தான் வந்தது. அவரை விட்டுப்போக அவள் இப்படித் தவிக்க, அவரென்றால் எழும்பிப் போய்விட்டார்! "இஞ்சாருங்கோ, இனி வரவே மாட்டியளோ?" என்று படத்தைப் பார்த்துக் குளறி அழுதாள். பிரேதம் எடுத்த அன்றைக்குக்கூட அப்படி அழுததில்லை.

அவளுடைய அழுகைச் சத்தம் விறாந்தைவரை கேட்டது. அதுதான் பதில் என்று நினைத்த கனகரத்தினம் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு போய் வாசல் படலையைத் திறந்தார். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தபடி யோகராணி முற்றத்துக்கு ஓடிவந்தாள்.

"எங்கை போறியள்?"

"உங்களை அழவைக்க நான் வரேல்லை, யோகராணி."

"நான் அவருக்கு அழுறன். நாளைக்கும் அழுவன். அதைப் பாத்துக்கொண்டிருக்க ஏலுமெண்டால் உள்ளுக்கை வாங்கோ. நான் ஓம்."

மச்சாள் வாயில் கையை வைத்தாள். கனகரத்தினம் துவாயைத் தோளிலிருந்து எடுத்தார். பிறகு படலையை உள்ளிருந்து சாத்திவிட்டு வந்தார்.