பெயிண்டுக்கு முன்னால் ஆள்

முதலில் தட்டுவார். வலது கை நடுவிரலை மடக்கி மூன்று தட்டு. உடனே காதைத் தகட்டோடு ஒட்டிக்கொள்வார். ‘டங்’ என்றால் நல்ல உடம்பு. ‘டொக்’ என்றால் உள்ளே துரு, மேலே பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். பழைய இரும்பு பீரோவை விற்க வந்தவர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க, இவர் பீரோவோடு பேச ஆரம்பித்துவிடுவார். “ஏன் செல்லம், உள்ளுக்குள்ள இவ்வளவு வெச்சுக்கிட்டு வெளியில பளபளன்னு நிக்கறே?”

தெருவில் இவருக்குப் பெயர் பீரோக்கா. வயது ஐம்பத்தேழு. முன்கை முழுக்க வெல்டிங் பொறி பட்ட புள்ளிகள். மூக்குக் கண்ணாடியின் ஒரு காலைச் செப்புக் கம்பி சுற்றிப் பிடித்திருக்கிறது. இருபத்தாறு வருஷம் ஓர் அலுவலகத்தின் ஆவண அறையில் வேலை. காகிதமெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போன வருஷம், நான்கு அடுக்கு இரும்பு அலமாரிகளை வாசலில் தள்ளி, காயலான் கடைக்காரருக்காகக் காத்திருந்தார்கள். வீட்டுக்குப் போக வெளியே வந்தவர் ஒன்றைத் தட்டிப் பார்த்தார். ‘டங்’. அதைப் படுக்கப் போட்டு மேலே மெத்தை தைத்ததும் வரவேற்பறைக்கு பெஞ்சு ஆயிற்று. இழுப்பறைகள் நான்கும் மாடியில் கீரைத் தொட்டிகள். அப்புறம் கை நிற்கவில்லை. லாரிப் பட்டறையில் மூன்று மாதம் நின்று வெல்டிங் கற்றுக்கொண்டார்.

இப்போது வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. மருத்துவமனைக் கட்டிலின் தலைமாடு இரண்டைச் சேர்த்துத் துணி காயப்போடும் மடக்குக் கொடி. பள்ளிக்கூட லாக்கர் செருப்பு அலமாரி. மடக்கு நாற்காலியின் சட்டம் சுவரேறி அலமாரியாக உட்கார்ந்திருக்கும். எதை வெட்டினாலும் வெட்டிய துண்டை எறிவதில்லை. எதிலிருந்து வந்தது என்று சாக்பீஸால் எழுதி, காலி பெயிண்ட் டப்பாவில் போட்டு வைப்பார்.

பெயிண்ட் அடிப்பது தம்பி. ஸ்ப்ரே துப்பாக்கியும் வாயும் ஒரே நேரத்தில் ஓடும். “டப்பா நாப்பத்தேழு ஆயிடுச்சுக்கா. அடுத்த தடவை என்னை வெளியில வெச்சுட்டு டப்பாவை உள்ள வெய்யி.”

“உன்னைத் தட்டிப் பாத்தேன்டா. டொக்குன்னுது. அதான் யாரும் வாங்கல.”

இந்தக் கொட்டகைக்குச் சட்டம் ஒன்றே ஒன்று: பெயிண்டுக்கு முன்னால் ஆள். எதைச் செய்தாலும், அதைப் பயன்படுத்தப் போகிறவர் நேரில் வந்து கால் மணி நேரம் புழங்கிப் பார்க்க வேண்டும். செருப்பு அலமாரி கேட்டவர் குடும்பத்தோடு வந்து ஆறு தடவை செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார். படிப்பு மேசை கேட்ட மாணவியை உட்கார வைத்து ஒரு பக்கம் எழுதச் சொன்னார். “போட்டோவுல எல்லாம் அழகாத்தான் இருக்கும். முட்டி இடிக்குதான்னு முட்டியைத்தான் கேக்கணும்.”

அந்தச் சட்டத்தைப் போன மாதம் அவரே மீறினார்.

கேட்டு வந்தவர் ஒரு பெண், நகரப் பேருந்து ஓட்டுநர். சீருடையோடு, இரண்டு நடைகளுக்கு நடுவே ஓடி வந்திருந்தார். கணவர் தபால்காரர். எட்டு மாதத்துக்கு முன் தபால் பையோடு வண்டியிலிருந்து விழுந்தவர். இனி சக்கர நாற்காலிதான். அந்த வீட்டில் சமையல் எப்போதும் அவருடையது. அதிகாலையில் பஸ் எடுக்கிற மனைவிக்கு அதற்கு நேரமும் கிடையாது, கையும் வராது.

“எட்டு மாசமா என் சமையலைத் தின்னுட்டு இன்னும் உசுரோட இருக்காருக்கா. மனுஷன் கெட்டிதான்” என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “வர்ற ஞாயித்துக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போறேங்கறாரு. அங்கேயே இருந்துக்கறாராம். எனக்கு பாரமா இருக்காராம். பையைக் கட்டி வாசல்ல வெச்சுட்டாரு. உக்காந்தே சமைக்கற மாதிரி ஒரு மேடை செஞ்சு குடுங்க. ஆனா முன்னாடியே தெரிஞ்சா வேணாம்னுடுவாரு. சொல்லாம கொண்டுபோய் வெச்சிடுவோம்.”

பீரோக்கா சட்டத்தைச் சொல்ல வாயெடுத்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

நல்ல மேசை ஒன்று கைவசம் இருந்தது: நடுவில் ஒரு நீள இழுப்பறை, வலப்பக்கம் மூன்று. உட்கார்ந்திருப்பவருக்குத் தாழ்வாகத்தானே வேண்டும் என்று நான்கு கால்களிலும் நாலு விரல் வெட்டினார். தன் முக்காலியில் அமர்ந்து, காற்றில் வெங்காயம் நறுக்கிப் பார்த்தார். பாந்தமாக இருந்தது. தம்பி பச்சை பெயிண்ட் அடித்து முடித்தான்.

வெள்ளிக்கிழமை காலை சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். பஸ் ஓட்டும் மனைவி அன்று விடுப்பு எடுத்திருந்தார். வாசலில் கறுப்புப் பை நிமிர்ந்து நின்றது. அதைச் சுற்றிக்கொண்டுதான் மேசையை உள்ளே கொண்டுபோக முடிந்தது. சமையலறை ஜன்னலோரம் மேசை உட்கார்ந்ததும் தபால்காரர் உருட்டிக்கொண்டு வந்தார். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. மேசையை நெருங்கினார்.

‘டங்’.

நாற்காலியின் கைப்பிடி மேசை விளிம்பில் முட்டிக்கொண்டது. திருப்பி வந்தார். மறுபடி முட்டியது. அதைக் கடந்தாலும் நடு இழுப்பறை முழங்காலை விட்டிருக்காது. கையை நீட்டினால் விரல் நுனி மட்டும் மேசையைத் தொட்டது.

“பரவால்லைங்க” என்றார் தபால்காரர், வெகு மரியாதையாக. “அழகா இருக்கு. ஏதாச்சும் வெச்சுக்கலாம்.” சக்கரத்தைப் பின்னால் தள்ளினார். மனைவி அடுப்பைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டார். அடுப்பு சுத்தமாகத்தான் இருந்தது.

திட்டியிருந்தால் பீரோக்காவுக்குத் தேவலை. அந்தப் ‘பரவால்லைங்க’தான் தாங்கவில்லை. வாசலுக்குப் போய் லாரிக்காரரைக் கூப்பிட்டார்.

“மேசையைத் திரும்ப ஏத்துங்க.” தபால்காரரிடம் திரும்பினார். “நீங்களும் ஏறுங்க.”

“நானா? எங்கே?”

“கொட்டகைக்கு. தப்பு என்னுது. உக்காந்திருக்கறவருக்கு எல்லாமே தாழ்வா இருக்கணும்னு உங்களைக் கேக்காம நானே முடிவு பண்ணிட்டேன். முதல்லயே கூப்பிட்டிருக்கணும்.”

“லாரிலயா?”

“தபால்லயா அனுப்ப முடியும்?”

எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவர் வாய்விட்டுச் சிரித்ததாக மனைவி பின்னால் சொன்னார். இரண்டு பலகை சாய்த்து, நாற்காலியோடு ஏற்றி, கயிறு கட்டினார்கள். தெருவில் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவர் மேலேயிருந்து கையை ஆட்டிக்கொண்டே போனார்.

கொட்டகையில் பீரோக்கா தரையில் மண்டிபோட்டு, அவருடைய முழங்கால், கைப்பிடி, கை எட்டும் தூரம் எல்லாவற்றையும் சாக்பீஸால் கோடு போட்டார். பத்தாவது நிமிஷம் சாக்பீஸ் தபால்காரர் கையில் இருந்தது. “அடுப்பு இந்தப் பக்கம் வேணாம்மா, இடக்கைப் பக்கம். இந்த முனையில ஒரு விரக்கடை தகட்டைத் தூக்கி விடுங்க. சூடான பாத்திரம் நழுவினா மடியிலதான் விழும்.”

“டப்பா எங்கடா?” என்று தம்பியிடம் குரல் கொடுத்தார் பீரோக்கா. நாற்பத்தேழில் ஒன்று வந்தது. ‘இழுப்பறை மேசை, கால்’ என்று அவருடைய கையெழுத்து. வெட்டிய நாலு விரல் துண்டுகள் நான்கும் தம் கால்களுக்கே திரும்பிப் போயின. அடியில் இன்னும் ஒரு விரல் உயரத்துக்குத் தகடு. நடு இழுப்பறையை அறுத்து வெளியே எடுத்ததும் சக்கர நாற்காலி மேசைக்குள் சத்தமில்லாமல் நுழைந்தது.

அறுத்த இழுப்பறையை டப்பாக்கள் பக்கம் கொண்டுபோன பீரோக்காவைத் தபால்காரர் நிறுத்தினார். “அதைக் குடுங்க.” வாங்கிக் கைப்பிடிகள் மேல் குறுக்காக வைத்தார். விளிம்பை மட்டும் வளைத்தால் தட்டு. பாத்திரத்தை மேசையிலிருந்து சாப்பாட்டு அறைக்கு அவரே கொண்டுபோகலாம். யாரையும் கூப்பிட வேண்டாம்.

“எனக்குத் தோணல பாருங்க” என்றார் பீரோக்கா.

“உங்க மடியில குழம்பு கொட்டினதில்லையே.”

தம்பி பெயிண்டைக் கலக்கிக்கொண்டு வந்தான். பீரோக்கா கையைக் காட்டித் தடுத்தார். “இன்னும் ஆள் பாக்கலைடா.”

சனிக்கிழமை காலை மேசை மறுபடி ஜன்னலோரம் நின்றது. கால்களில் புது வெல்டிங் தழும்பு கறுப்பாகத் தெரிந்தது. தபால்காரர் உள்ளே நுழைந்து, முழங்கை ஊன்றி, ஒரு கூடை வெங்காயத்தை நறுக்க ஆரம்பித்தார். கால் மணி நேரம் என்பது சட்டம். முக்கால் மணி ஆகியும் கத்தி நிற்கவில்லை. மனைவி பக்கத்தில் நின்று, எல்லாரும் வெங்காயத்தால் அழுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“இதை அப்படியே தட்டுல வெச்சுக் கூடத்துக்குப் போய்க் காட்டுங்க” என்றார் பீரோக்கா.

அறை வாசலில் சக்கரம் நின்றது. குறுக்கே கறுப்புப் பை. மேசைக்கு வழிவிட யாரோ இங்கே நகர்த்தி வைத்திருந்தார்கள். பீரோக்கா அதைக் கையில் தூக்கினார். “இதை எங்கே வெக்கறது?”

மடியில் தட்டு, தட்டில் ஒரு மலை வெங்காயம். தபால்காரர் மனைவியைப் பார்த்தார், பையைப் பார்த்தார், பிறகு தட்டிலிருந்த கத்தியை எடுத்து அதன் முனையால் மேலே காட்டினார். பரண். அவர் கை ஒருநாளும் எட்டாத உயரம்.

பீரோக்கா அங்கிருந்த ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். பையைப் பரணில் வைத்து, பின்சுவரில் முட்டுகிற சத்தம் கேட்கும்வரை இரண்டு கையாலும் உள்ளே தள்ளினார்.