உள்ளே விட்ட துணி

பெண்களுக்குத் தைத்துப் பிழைக்கிறவள் தினமும் இரண்டு பொய்யாவது சொல்லியாக வேண்டும். "நாளைக்குக் கண்டிப்பா தந்துடறேன்" என்பது ஒன்று. "நீங்க பெருக்கலைங்க, துணிதான் சுருங்கிடுச்சு" என்பது இன்னொன்று. மிஷின் மிதித்து முழங்கால் தேய்ந்த சக பாவிகளே, நான் சொன்ன மூன்றாவது பொய்யைப் பற்றித்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

டேப்பின்மேல் பழி

குன்னூரில் அளவெடுக்க யாரும் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டார்கள். மேலேயே டேப்பைப் பிடித்து, ஸ்வெட்டருக்கு ஒன்றரை இஞ்ச் கழித்துக்கொள்வது எங்கள் வழக்கம். பாதி நாள் என் கடைக்குள் மூடுபனி வந்து உட்கார்ந்திருக்கும். வருகிறவர்கள் அதற்குள்ளிருந்து வந்து அதற்குள்ளேயே மறைந்து போவார்கள். மளிகைக்கடைக்காரர் மகள் சுதாவும் அப்படித்தான் வந்தாள், கல்லூரிக்குச் சுடிதார் தைக்க. தைத்துக் கொடுத்தால், கொடியில் காயப்போட்டதுபோல அவள்மேல் தொங்கியது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தாள் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. அவள் அம்மா பையை மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, உங்க டேப்பு நீண்டுபோச்சுங்களா?"

வெட்டச் சொன்னாள்

பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் மறுபடியும் பிடிக்க வந்தாள். "இடுப்பு நல்லா இளைச்சிருக்கு கண்ணு, எதைப் போட்டாலும் அழகா நிக்கும்" என்றேன். தொழில் வாய் அது, எல்லாருக்கும் சொல்வதுதான். அவள் முகம் மலர்ந்ததை இன்று நினைத்தாலும் என் நாக்கில் ஊசியால் குத்திக்கொள்ளத் தோன்றுகிறது.

பின்னால் பிரித்துப் பெரிதாக்க வேண்டியிருக்குமென்று தையலுக்கு உள்ளே இரண்டு விரல் துணி விடுவோம், இல்லையா? சுதா அதைப் புரட்டிப் பார்த்து ஒன்று சொன்னாள். நானும் கத்திரிக்கோலைக் கையில் எடுத்துச் சரியென்று தலையாட்டினேன். அவள் சொன்னது இது: "இதையெல்லாம் வெட்டி எறிஞ்சிருங்கக்கா. இனி எனக்கு வேண்டியிருக்காது."

வெயிலில் நடுக்கம்

சீசன் கூட்டம் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு போகிற ஏப்ரல் வெயிலில் சுதா நடுங்கிக்கொண்டு வந்தாள். திரையை இழுத்துவிட்டு ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னேன். ஒன்று, அப்புறம் இன்னொன்று. டேப்பு இழுக்க இழுக்க உள்ளே போனது. கையெல்லாம் கைக்குழந்தைக்கு இருப்பதுபோலப் பூனைமுடி. ஸ்வெட்டர் முழுக்க உதிர்ந்த தலைமுடி. கல்லூரியில் சாப்பிட்டேன் என்று வீட்டிலும், வீட்டில் சாப்பிட்டேன் என்று கல்லூரியிலும் சொல்வாளாம். மாதவிலக்கு நின்று ஏழு மாதம் ஆகிறதாம். நான் பயந்துபோனேன். அவளோ கண்ணாடியைப் பார்த்துக் கேட்டாள்: "இன்னும் குண்டாத்தானே இருக்கேங்க்கா?"

அளவு நோட்டு

அன்று சாயங்காலமே அளவு நோட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மார்புச் சுற்று முப்பத்திரண்டு, முப்பது, இருபத்தேழு என்று வரிசையாகக் காட்டினேன். "வயசுப் பிள்ளை டயட்டுல இருக்கறா, உங்களுக்கென்னங்க" என்று கோபித்துக்கொண்டார் அம்மா. அடுத்த வாரமே சுதா கல்லூரிப் படியில் மயங்கி விழுந்தாள்.

இது அடமில்லை, நோய் என்றார் டாக்டரம்மா. பட்டினி கிடக்கிற உடம்பு மாதவிலக்கை நிறுத்தும், எலும்பை அரிக்கும், விட்டால் இதயத்தையும் நிறுத்திவிடும். திட்டினால் தீராது, மனசுக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும் என்றார். ஆஸ்பத்திரி வராந்தாவில், இடுப்பைப் புகழ்ந்ததை நான் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டேன். சுதாவின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க ஒருக்காதானுங்க சொன்னீங்க. இளைச்சா நல்ல வரன் வரும்னு நான் தினமுஞ் சொன்னேன்."

ஒற்றை ஸ்வெட்டர்

ஒன்றரை வருஷம் கோயம்புத்தூருக்கும் குன்னூருக்குமாக அலைந்தார்கள். தேறுவாள், மறுபடி சாப்பிட மறுப்பாள். அரை இட்லிக்கு ஒரு மணி நேரம் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பதாக அம்மா சொல்வார்.

போன கார்த்திகையில் ஒருநாள் கடை நிறையப் பனி. நான் மிதிக்கிற மிஷினின் சத்தமே எங்கோ தூரத்தில் கேட்பதுபோல இருந்தது. பனிக்குள்ளிருந்து சுதா வந்தாள், ஒரே ஒரு ஸ்வெட்டரோடு. பழைய சுடிதார் உடம்பை இறுக்கிப் பிடிக்கிறதாம். அதைச் சொல்ல அவளுக்கு இன்னமும் பயம்; கண் கலங்கியிருந்தது. சுடிதாரைப் புரட்டி, தையலுக்கு உள்ளே மடிந்து கிடந்த இரண்டு விரல் துணியை என்னிடம் காட்டினாள். "வெட்டறேன்னு சொல்லிட்டு வெட்டாமயே விட்டிருக்கீங்களே. பிரிச்சு விட்ருங்கக்கா."

முப்பது வருஷமாகச் சொன்ன வேலையைச் செய்யாமல் திட்டு வாங்கிக்கொண்டிருக்கும் எனக்கு, செய்யாமல் விட்டதற்காக நல்ல பேர் கிடைத்தது அந்த ஒரு தடவைதான்.