ஐந்தாவது பெயர்

அல்ஜியர்ஸ் துறைமுகத்தில் தட்டச்சராக இருந்த அரெஸ்கி, பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்த விடுதலைப் படையில் சேர மலையேறியபோது துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் ஜுர்ஜுரா மலையில் படித்தவனுக்குத்தான் பஞ்சம். வந்த வாரமே தளபதி லூனிஸ் அவனைத் தன் உதவியாளனாக வைத்துக்கொண்டார். இந்தோசீனாவில் பிரெஞ்சுப் படையிலேயே சார்ஜென்டாக இருந்து போர் கற்றவர் அவர். எழுத்து மட்டும் வரவில்லை. கடிதம் படிப்பது, உத்தரவு அடிப்பது, காப்பி போடுவது எல்லாம் அரெஸ்கிதான்.

1958 வசந்தத்தில் அவர்கள் போகும் வழியிலெல்லாம் பிரெஞ்சுப் படை முன்கூட்டியே வந்து காத்திருந்தது. பதினெட்டுப் பேர் செத்தார்கள். அதன்பின் லூனிஸ் தன் முதுகுக்குப் பின்னால் யாரையும் நிற்க விடவில்லை. காப்பியைக்கூட அரெஸ்கி ஒரு வாய் குடித்துக் காட்டினால்தான் தொடுவார்.

ஒரு நண்பகலில், செத்த பிரெஞ்சு அதிகாரியின் பையில் கிடைத்த கடிதத்தை நீட்டினார்.

"படி தம்பி. சத்தமா."

மலையில் தங்களுக்கு உளவு சொல்கிறவர்கள் என்று ஐந்து பெயர்களை எழுதியிருந்தான் பிரெஞ்சுக்காரன். முதல் பெயர், முகாமில் வைத்தியம் பார்க்கும் மெஸ்யான். நான்கு பெயர்களைப் படித்த அரெஸ்கி நிறுத்தினான். ஐந்தாவது அவன் பெயர். இவருக்குத்தான் படிக்கத் தெரியாதே, விழுங்கிவிட்டால் என்ன? நிமிர்ந்தான். லூனிஸ் அவன் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சாவது... என் பேருண்ணே."

"தெரியும். காலையிலேயே ரேடியோக்காரன் படிச்சுச் சொல்லிட்டான். நீ மட்டும் முழுங்கியிருந்தா, இங்கேயே சுட்டிருப்பேன்."

"மெஸ்யான் உங்க காலைக் காப்பாத்தினவன்ணே."

"காலைக் காப்பாத்துனவன் தலையை விக்க மாட்டானா? போய் நாலு பேரையும் பிடிக்க உத்தரவை அடி."

அடித்தான். விரல் ஒருமுறைகூட நடுங்கவில்லை. பிற்காலத்தில் அவனை வதைத்தது அதுதான். இரண்டு நாள் அடிதாங்காமல் இரண்டு பேர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்கள். மெஸ்யான் கடைசிவரை இல்லையென்றே சொன்னான். நான்கு பேரையும் சுட்டார்கள்.

பிறகு அரெஸ்கி உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் ரொட்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். "இவன் பேரும் இருந்துச்சாம்ல? இவன் மட்டும் எப்படித் தப்பிச்சான்?" என்று காதுபடவே பேசினார்கள். அவனும் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று கவனிக்கத் தொடங்கியிருந்தான்.

இலையுதிர் காலத்தில் இன்னொரு கடிதம் சிக்கியது. அதே காகிதம், அதே கையெழுத்து. முதல் பெயர், தளபதி லூனிஸ்.

"திரும்பப் படி."

படித்தான்.

"நீ என்னடா நினைக்கிறே?"

"அந்த நாலு பேரைப் பத்தி நீங்க நினைச்சதையா உங்களைப் பத்தி நானும் நினைக்கணும்?"

லூனிஸ் கடிதத்தை அடுப்பில் போட்டார். முதல் கடிதமும் பிரெஞ்சுக்காரன் திட்டமிட்டுத் தங்கள் கையில் சிக்கவைத்த பொய்தான் என்று இருவருக்கும் அப்போதே விளங்கிவிட்டது. ஆனால் அவர் அதை முகாமில் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் குளிர்காலத்தில் ஒரு சண்டையில் செத்துப்போனார்.

சுதந்திரத்துக்குப் பிறகு தீஸீ ஊஸூ நகரத் தபால் நிலையத்தில் அரெஸ்கிக்கு வேலை கிடைத்தது. ஒரு நாள் மெஸ்யானின் மனைவி ஃபெரூஜா அவன் முன்னால் வந்து நின்றாள். தியாகியின் விதவை என்று சான்று பெற, உடன் போராடிய இருவர் கையெழுத்திட வேண்டும்.

"துரோகின்னு ஊரே சொல்லுது. நீ அங்கதானே இருந்தே? அவரு துரோகியா?"

"இல்லக்கா. நாங்கதான் கொன்னோம். உத்தரவை அடிச்சதே நான்தான்."

அவள் சான்றுப் படிவத்தை அவன் முன்னால் தள்ளினாள். "அந்தக் கையாலயே இதையும் எழுது" என்றாள்.

நடந்ததை ஒளிக்காமல் எழுதிக் கையெழுத்திட்டான். விசாரித்த குழுவில் ஒருவர், "இத்தனை வருசமா எங்கே இருந்தீங்க? இப்ப யாரு சொல்லிக் கொடுத்தாங்க?" என்று கேட்டார். அவன் சொன்ன பதில் யாருக்கும் திருப்தி தரவில்லை. அவனைப் பாலைவன ஓரத்துச் சிற்றூருக்கு மாற்றினார்கள். ரேடியோக்காரனைத் தேடிப் பிடித்து இரண்டாவது கையெழுத்து வாங்க அவனுக்கு இரண்டு வருடம் பிடித்தது. சான்று கிடைத்ததாகத் தபால் நிலைய நண்பர் ஒருவர் எழுதித்தான் அவனுக்குத் தெரியும். ஃபெரூஜா ஒரு வரிகூட எழுதவில்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை.