கூரை மரத்துத் திருநீறு

கன்னத்தில் மாவு தூவியதுபோல ஏதோ விழும்; துடைத்தால் வெளிர்மஞ்சளாக விரலில் ஒட்டும், முகர்ந்தால் லேசாகப் புளித்த ரப்பர்ப்பால் வாடை அடிக்கும். எனக்கு ஒன்பது வயதாயிருந்தபோது, இலங்கையில் தெஹியோவிட்டவுக்கு மேலே ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில், "காம்பரா" என்று நாங்கள் சொல்லும் எங்கள் ஒற்றை அறையின் கூரையிலிருந்து அப்படித்தான் தூள் கொட்டத் தொடங்கியது.

கூரையின் பழைய குறுக்குமரம் மழையில் அழுகிப்போனதால் அப்பா புதிது போட்டிருந்தார். பால் தரும் மரத்தில் தொழிலாளி கைவைக்க முடியாது. பட்டுப்போனதைத்தான் கணக்கப்பிள்ளையிடம் கேட்டு எடுக்கலாம். மாசி மாதத்தில் ரப்பர் மரமெல்லாம் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும்போது, எதற்கு உயிர் இருக்கிறது, எது செத்தது என்றே தெரியாது. எல்லாம் தளிர்க்கும்வரை காத்திருந்து, தளிர்க்காத ஒன்றை அப்பா வெட்டிவந்தார். அது செத்து எத்தனை காலமானது என்று யாரும் யோசிக்கவில்லை.

சில மாதங்களில் தூள் விழுந்தது. விழுந்த இடம்தான் வினை. நேர்கீழே மாரியம்மன் படம். பக்கத்துக் காம்பரா ராமாயி அத்தை பார்த்துவிட்டு, "அடியாத்தே, ஒங்க வீட்டுல துன்னூறு கொட்டுதுடி!" என்று கத்தினார். மாலைக்குள் லயமே எங்கள் வாசலில் நின்றது. அதுவரை எங்கள் பக்கம் எட்டிப்பார்க்காத கங்காணி வீட்டு அம்மாகூட வாழைப்பழச் சீப்போடு வந்து கும்பிட்டுவிட்டுப் போனார். அம்மாவின் முகத்தில் அப்படியொரு பெருமையை நான் அதற்குமுன் கண்டதில்லை. இருமலில் மெலிந்துகொண்டே வந்த எட்டு மாதத் தம்பியின் சேலைத் தொட்டிலை அவிழ்த்து, தூள் அவன்மேல் படட்டும் என்று அந்த மரத்திலேயே கட்டினார்.

ஒருநாள் தகரப்பெட்டிமேல் ஏறிப் பார்த்தேன். மரமெங்கும் குண்டூசி அளவுத் துளைகள். ஒன்றிலிருந்து எள்ளைவிடச் சற்று நீளமான பழுப்பு வண்டு, தூளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. செத்த மரத்துக்குள் பிறந்து அதையே தின்று வளரும் அந்த வண்டை, சிங்களப் பிள்ளைகளைப் போல நாங்களும் "குல்லா" என்போம். உள்ளங்கையில் வைத்து அம்மாவிடம் காட்டினேன். அலறுவார் என்று நினைத்தேன். அம்மா உற்றுப் பார்த்துவிட்டு என் விரல்களை மடக்கினார்.

"வாய மூடிக்க புள்ள. குல்லா மூலமா ஆத்தா குடுக்கக் கூடாதா?"

தொட்டிலையாவது மாற்றிக் கட்டலாமே என்றேன்.

"மாத்துனா ஏன்னு கேப்பாங்கல்ல?"

அதோடு பேச்சு முடிந்தது. அடுத்த மாதம் ஒரு ஞாயிறு காலை, நான்தான் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தேன். மரம் முறிந்த சத்தம்கூடப் பெரிதாய் இல்லை. ரொட்டியைப் பிய்ப்பதுபோல இரண்டாகப் பிய்ந்து, தொட்டிலும் கூரைத் தகரமும் சேர்ந்து கீழே வந்தன. மேலே தோல் மட்டும் மரம், உள்ளே முழுக்க மாவு. தம்பியின் இடது புருவம் கிழிந்து ரத்தம் வழிந்தது. ஓடிவந்த பெண்களில் பாதிப்பேர் அந்தத் தூளை முந்தானையில் அள்ளினார்கள். அம்மாவும் ஒரு பிடி அள்ளி, தம்பியின் காயத்தில் வைத்து அழுத்தினார். என் கையில் வண்டைப் பார்த்த அதே அம்மா!

காயம் சீழ்பிடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் இடது கண் கெட்டுவிட்டது. "ஆத்தா உசுரக் குடுத்துட்டா, ஒரு கண்ணத்தான் எடுத்துக்கிட்டா" என்று அம்மா வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

இப்போது அந்த மலையில் ரப்பர் இல்லை, எண்ணெய்ப்பனை நிற்கிறது. லயம் இருந்த இடம் புல்மேடாகிவிட்டது. அம்மாவும் போய்விட்டார். கடைசிவரை அவர் அந்தப் பேச்சை மாற்றவில்லை, அதற்காக அவர்மேல் எனக்கு வெகுகாலம் ஆத்திரம் இருந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தம்பி வளர்ந்து, கல்யாணம் முடித்து, பண்டிகைக்கு வீட்டுக்கு வரும்போதெல்லாம், அம்மா அவனுக்குச் சோறு போட்டுவிட்டு வலப்பக்கமாகவே உட்காருவார். கெட்ட கண் தெரியும் அவனுடைய இடப்பக்கத்தில் அம்மா உட்கார்ந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.