மதினியின் பயறு பிரெட்டு

மதினி பிரெட்டுக்குள் முட்டை தடவிக் கொடுக்கிறாள் என்று எங்கள் ஊர் பாலவனத்தத்தில் பேசிக்கொள்கிறார்களாம். அம்மா போனில் சொன்னாள். அம்மாவுக்குச் சொன்னது பால் ஊற்றுகிற தங்கமாரி. தங்கமாரி கண்ணால் பார்த்தாளா என்று கேட்டேன்.

"அவ எங்க பாத்தா. மில்லு வேன்ல பேசிக்கிட்டாகளாம்."

வேறு மாதமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இது பங்குனி. அம்மனுக்குக் காப்புக் கட்டி ஐந்து நாள் ஆகியிருந்தது. மதினியிடம் பிரெட்டு வாங்கும் முப்பது மில்லுப் பெண்களில் பாதிக்கு மேல் கையில் மஞ்சள் கயிறு கட்டி விரதம் இருக்கிறவர்கள். முட்டை வாயில் பட்டால் விரதம் போச்சு. அத்தனை பேர் விரதத்தைக் கெடுத்தவள் என்ற பேர் மதினிக்கு வந்துவிட்டால், அப்புறம் அந்த ஊரில் அவள் ஒரு டம்ளர் மோர்கூட விற்க முடியாது. பர்மிங்காமில் நான் ஏற வேண்டிய பஸ் வந்து நின்றது, போனது. நான் ஏறவில்லை.

செல்வலட்சுமி மதினி என் அண்ணன் அழகுராஜாவின் மனைவி. பிறந்தது எம்.ரெட்டியபட்டி. பள்ளிக்கூடத்தை விட்டதும் பருத்திக் காடு, கல்யாணம் ஆனதும் நூல் மில்லு. பதினோரு வருஷம் நின்றே வேலை பார்த்தாள். பஞ்சுத் தூசியில் மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் டாக்டர் போதும் என்றுவிட்டார். வீட்டில் உட்கார்ந்த முதல் வாரமே அண்ணனிடம் சண்டை போட்டாளாம், கையைக் கட்டிக்கொண்டு எப்படி இருப்பது என்று.

மூன்று வருஷம் முன்பு நான் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது கேட்டாள், "ரேணு, அங்க ஆபீசுக்கு என்னத்தக் கொண்டுபோவ?"

கொண்டைக்கடலையை வேகவைத்து மசித்து, காய்கறி நறுக்கிப் போட்டு பிரெட்டுக்குள் வைத்துக்கொள்வேன், அடுப்பு வேலை அவ்வளவுதான் என்றேன். மில்லுப் பெண்களுக்கு இதைச் செய்து விற்கலாமே என்று மதினிக்குத் தோன்றியது. அவள் கணக்கு வேறு. இரண்டாவது ஷிப்டுக்குப் பகல் ஒரு மணிக்கு வேன். சாப்பாட்டு நேரம் சாயங்காலம் ஆறு மணிக்கு, அதுவும் கால் மணி நேரம். அந்த வெக்கையில் தேங்காய்ச் சட்னி ஊசிவிடும், தயிர்ச்சோறு புளித்துவிடும். கை கழுவ வரிசையில் நின்றாலே பாதி நேரம் போய்விடும். பிரெட்டு என்றால் ஒரு கையில் தாளோடு பிடித்துத் தின்னலாம்.

கொண்டைக்கடலையை மட்டும் அவள் ஒப்பவில்லை. "அது வாயு. மிசினு முன்னால எட்டு மணி நேரம் நிக்கிற பொம்பளைக்கு ஆகாது."

தட்டப்பயறுக்கு மாறினாள். இரவே ஊறப்போட்ட பயறைக் காலையில் உப்புப் போட்டுக் குழைய வேகவைத்து, தண்ணீரை ஒட்ட வடித்து, பாதியை மசித்துப் பாதியை முழுசாக விடுவாள். கேரட்டைத் துருவி, முட்டைக்கோஸ், குடமிளகாய், வெங்காயத்தைப் பொடியாக அரிந்து, மிளகுத்தூளும் மல்லித்தழையும் சேர்ப்பாள். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்க ஒரு வெள்ளை விழுது. சுடுதண்ணீரில் ஊறவைத்துத் தோல் உரித்த நிலக்கடலை, ஒரு பல் பூண்டு, எலுமிச்சைச் சாறு, உப்பு. இவ்வளவுதான் அதில். மிக்சியில் ஓடினால் வெண்ணெய் மாதிரி வரும். பால், தேங்காய் எதுவும் கிடையாது. அதனால்தான் சாயங்காலம் வரை தாங்கும்.

அந்த வெள்ளை விழுதில்தான் வம்பு வந்தது. இல்லை, விழுது இருந்த டப்பாவில். மூடி இறுக்கமான மயோனைஸ் டப்பா ஒன்று, பிரெட்டில் தடவ முட்டையில் செய்கிற விழுது, அந்த லீவில் நான் கொண்டுபோய்க் காலியானது. நல்ல டப்பாவை யார் தூக்கிப் போடுவார்கள்? மதினி கழுவி வைத்துக்கொண்டாள்.

அம்மா சொன்னதும் டப்பா ஞாபகம் வர, அன்றே மதினியைக் கூப்பிட்டேன். "மதினி, அந்த டப்பாவுல என்ன படம் போட்டிருக்கு?"

எடுத்துப் பார்த்தாள். "முட்டை. ரெண்டு. ஒண்ணு உடைஞ்சு மஞ்சக்கரு தெரியுது."

"இத்தனை நாளா பாக்கலையா?"

"ஹார்லிக்ஸ் பாட்டில்ல மொளகாப்பொடி வச்சிருக்கேன். அதையும் படிச்சுப் பாத்தா வச்சேன்?"

வழக்கமாக வீட்டிலேயே தடவிக் கட்டிக்கொண்டு போவாள். முந்தின நாள் மட்டும் நேரமாகிவிட்டதென்று வேன் நிற்கிற இடத்தில் வைத்துத் தடவியிருக்கிறாள். சுகந்தி என்கிற பெண் படத்தைப் பார்த்துவிட்டாள். மறுநாள் முப்பதில் நான்குதான் விற்றது. மிச்சத்தை அண்ணனும் அவனோடு லோடு ஏற்றுகிறவர்களும் தின்றார்கள்.

முட்டை இல்லை என்று எழுதி ஒட்டலாம் என்றேன். நானே அச்சடித்து அனுப்புகிறேன் என்றேன்.

"களவாணி வீட்டு வாசல்லதான் நான் எடுக்கலைன்னு எழுதிப் போடணும். சும்மா கெட."

சனிக்கிழமை அவள் முத்துப்பேச்சி வீட்டுக்குப் போனாள். முத்துப்பேச்சிதான் அந்த வேனில் மூத்தவள். மகன் பைக்கிலிருந்து விழுந்து காலில் கம்பி வைத்து, இப்போது எழுந்து நடக்கிறான். அதற்காக அக்கினிச்சட்டி எடுப்பதாக வேண்டுதல். காப்புக் கட்டிய பிறகும் பிரெட்டு தின்றவள். சட்டி எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் சோறு இறங்காமல் கிடந்தாளாம்.

"நான் செஞ்சு காமிச்சா நம்ப மாட்டீக அக்கா. நாளைக்கு லீவுதானே. உங்க அடுப்புல, உங்க கடலையில நீங்களே செய்ங்க. நான் நடையில உக்காந்து சொல்லுதேன்" என்றிருக்கிறாள் மதினி.

எனக்குப் பதறியது. கைப்பக்குவத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் நாளைக்கு முப்பது வீட்டிலும் அவரவரே செய்துகொள்ள மாட்டார்களா?

"செய்யட்டும். கெடுத்தவன்னு பேரு வாங்குறதுக்கு அது தேவல" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முத்துப்பேச்சி வீட்டு உப்பு ஜாடியில் போனைச் சாய்த்து வைத்து வீடியோவில் கூப்பிட்டாள். அடுப்படியில் நாலைந்து பெண்கள். பயறு வெந்து, காய் அரிந்தாயிற்று. மதினி சொன்னபடியே நடைப்படியை விட்டு எழவில்லை. மிக்சி நின்றது.

"ஏத்தா செல்வி, வெள்ளையா வரலையே" என்றாள் முத்துப்பேச்சி.

மற்றவர்கள் மிக்சி ஜாடிக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"தோலு உரிச்சீகளா?"

"உரிச்சேன்."

"பாதி உரிச்சிருக்கீக. செவப்பாத்தான் வரும். திரும்பப் போடுங்க."

வேறு கடலையை ஊறவைத்து, எல்லோரும் உட்கார்ந்து உரித்தார்கள். அரைத்துக்கொண்டிருந்த முத்துப்பேச்சி தண்ணீர்ச் சொம்பை எடுக்க, "தண்ணி வேணாம், எலுமிச்சம்பழம் புழிங்க" என்றாள் மதினி. மூடியைத் திறந்தபோது போனிலேயே தெரிந்தது, சுண்ணாம்பு வெள்ளை.

முத்துப்பேச்சி முதலில் மோந்து பார்த்தாள். விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். பயறில் பிசைந்து பிரெட்டுக்கு நடுவில் வைத்து ஒரு வாய் கடித்தாள். மெதுவாக மென்றாள்.

"இதேதான்" என்றாள். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "சட்டி எடுக்கலாம்டி."

"இப்ப ருசி தெரியுதோ. முட்டைன்னப்போ நாக்க எங்க கழட்டி வச்சிருந்தீக?" என்றாள் ஒருத்தி.

"நானாடி சொன்னேன்? இந்தா நிக்கிறா பாரு, படம் பாத்த மகராசி."

சுகந்தி அசரவில்லை. "படம் இருந்துச்சு, சொன்னேன். மதினி, இம்புட்டுத்தானா இது? நானே செஞ்சு கொண்டுபோயிருவேன் போலயே."

எல்லோரும் சிரித்தார்கள். மதினியும் சிரித்தாள். நான்கு நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கி, இரவு சுடுசோறு பொங்கித் தின்றேன்.

இன்று திங்கள். இங்கே காலை ஏழரை, அங்கே ஒரு மணி, வேன் வரும் நேரம். மதினி இன்று முப்பதும் கட்டியிருக்கிறாள் என்று அம்மா சொன்னாள். சுகந்தி சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நேற்று லீவு போக, அதற்கு முந்தின மூன்று நாளும் இந்நேரம் கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுத்தாள். வாங்க ஆள் இல்லாமல் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். இப்போது கூப்பிட்டிருக்கிறேன். அடிக்கிற மணியை எண்ணுகிறேன், ஆறு, ஏழு, எட்டு. மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.